ஒட்டிய பெறுபேற்றைக் கிழித்துவிட்டார்கள்

கேள்வி: ஐயா, எனக்கு உப்புவெளி. பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் முடித்துவிட்டேன் (எந்தப் பல்கலைக்கழகம் என்று போடவேண்டாம்). ஒரு பாடத்தில் எனக்கு பி பிளஸ் என்று அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். புள்ளியிட்டதில் பிழை என்று யாரோ முறைப்பாடு கொடுக்க, முழு பட்ச்சின் விடைத்தாள்களையும் வேறொருவரிடம் கொடுத்துத் திருத்தி, 6 கிழமைக்குப் பிறகு பழையதைக் கிழித்துவிட்டுப் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். அதில் எனக்கு சி. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு கைவிட்டுப் போய்விட்டது. கோணேசருக்கு அர்ச்சனை செய்ததுதான் மிச்சம். புதுப் பட்டியல் வந்து இன்றைக்கு 12 நாள். திருகோணமலைக் கோட்டிலேயே வழக்குப் போடலாமா? நீதிபதி என் விடைத்தாளைப் பார்ப்பாரா?

பதில்: 12 நாள் என்று எழுதியிருந்ததால், பிள்ளை, இதழ் அச்சாகும்வரை வைத்திருக்காமல் இந்தப் பதிலை உங்களுக்கு அன்றே தனியாகவும் அனுப்பிவிட்டேன். ஏன் அவசரம் என்று கீழே புரியும்.

நீதிபதி விடைத்தாளைத் திருத்தமாட்டார். பி பிளஸ்ஸா சி-யா என்பது படிப்பிக்கிறவர்கள் தீர்மானிக்கவேண்டிய விடயம் என்று நீதிமன்றங்கள் பொதுவாக ஒதுங்கிவிடும், இங்கே மட்டுமில்லை, இந்தியாவிலும் இங்கிலாந்திலும் அதுதான் நடைமுறை. “நான் நன்றாகத்தான் எழுதினேன், இரண்டாவதாகத் திருத்தியவர் கையிறுக்கம்” என்று பத்துப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போனால் மனு நிற்காது.

எது நிற்கும்? திரும்பத் திருத்தச் சொன்னது யார் என்று கேளுங்கள். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி பரீட்சைகள் மூதவையின் (செனட், பல்கலைக்கழகத்தில் படிப்பு விடயங்களைத் தீர்மானிக்கும் சபை) கட்டுப்பாட்டில் இருப்பவை. மூதவை கூடி முடிவெடுத்ததா, அல்லது துறைக்குள்ளேயே யாரோ பேசி முடித்துவிட்டார்களா? முழு பட்ச்சையும் திரும்பத் திருத்த பரீட்சை விதிகளில் இடமிருக்கிறதா? காரணம் எழுத்தில் தந்தார்களா, மாணவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? இதில் எங்காவது பிசகியிருந்தால் பேச இடமிருக்கிறது. அப்புறம், கிழித்த அந்தப் பழைய தாளின் படம் யாருடைய போனிலாவது கட்டாயம் இருக்கும், தேடி எடுங்கள். அதன் அடியில் “மூதவையின் அங்கீகாரத்துக்கு உட்பட்டது” என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். இருந்தால் அது தற்காலிகப் பெறுபேறுதானே என்று பல்கலைக்கழகத்தின் சட்டத்தரணி முதலில் அதைத்தான் தூக்கிக் காட்டுவார். அந்த வரி இல்லையென்றால், அல்லது மூதவை ஏற்கெனவே அங்கீகரித்துவிட்டதென்றால், உங்கள் பக்கம் நன்றாகப் பலக்கும்.

சரி, எந்தக் கோடு? திருகோணமலையில் முடியாது. இங்குள்ள மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் எழுத்தாணை (ரிட், அதாவது அரச அமைப்பொன்றின் சட்டத்துக்குப் புறம்பான முடிவை ரத்துச் செய்வது போன்ற கட்டளை) வழங்கும் அதிகாரம் உண்டுதான், ஆனால் மாகாண சபைப் பட்டியலில் உள்ள விடயங்களுக்கு மட்டும். பல்கலைக்கழகம் அதில் வராது. இரவு பஸ் ஏறிக் கொழும்பு புதுக்கடைக்குத்தான் போகவேண்டும். அரசியலமைப்பின் 140 ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு போடலாம். இதற்கு இத்தனை நாள் என்று கணக்கில்லை, ஆனாலும் தாமதித்தால் அதையே காரணமாக்கித் தள்ளிவிடுவார்கள். மற்றது, சமத்துவ உரிமை (12(1) ஆம் உறுப்புரை) மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. இந்தியப் பத்திரிகை வாசிக்கிறவர்கள் குழம்பவேண்டாம், எங்களுக்கு உயர் நீதிமன்றம்தான் எல்லாவற்றுக்கும் மேல். இதற்குக் கெடு ஒரே ஒரு மாதம். 12 நாளைக் கழியுங்கள்.

அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் படுத்துத் தூங்கக்கூடாது, விசாரணை உண்மையில் நடந்ததா என்று பிறகு கேட்பார்கள். பதிவாளருக்கும் உபவேந்தருக்கும் இன்றே பதிவுத் தபாலில் எழுதுங்கள், மூதவையின் தீர்மானப் பிரதியைக் கேளுங்கள். “சேர் பார்த்துச் செய்கிறேன் என்றார்” என்று மட்டும் காத்திருக்கவேண்டாம், சேர் பார்க்கிற நேரத்தில் மாதம் நிற்காது.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. புதுத் திருத்தத்தில் உங்களுக்குக் குறைந்ததுபோல யாருக்கோ கூடியும் இருக்கும். பழைய பட்டியலைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நீங்கள் கேட்டால் அவர்களுடைய புள்ளி இறங்கும், அதனால் அவர்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கவேண்டி வரும். சேர்க்காமல் விட்டே மனுக்கள் தள்ளுபடியாகியிருக்கின்றன. ஒரே விடுதியில் இருந்த பிள்ளைக்கு நீதிமன்ற அறிவித்தல் போவதென்பது சின்ன விடயமில்லை, அதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். குறைந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து போடுவது நல்லது, செலவும் பிரியும். காசு கஷ்டமென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் இருக்கும் மச்சான், தகவல் உரிமைச் சட்டத்தில் விடைத்தாளையே வாங்கலாம் என்கிறான். இங்கேயும் முடியுமா? (மூதூர் வாசகர்)

பதில்: மச்சான் சொல்வது அவருடைய நாட்டுக்குச் சரி. 2011 இல் இந்திய உச்ச நீதிமன்றம், திருத்திய விடைத்தாளைப் பரீட்சார்த்தி பார்க்கலாம் என்று சொன்னது. எங்கள் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தில் பரீட்சைக்கென்றே ஒரு விதிவிலக்கு எழுதிவைத்திருக்கிறார்கள்: பரீட்சைத் திணைக்களமோ உயர்கல்வி நிறுவனமோ இரகசியமாக வைக்கவேண்டிய பரீட்சைத் தகவலை மறுக்கலாம். பொதுநலன் பெரிதென்றால் அதையும் மீறிக் கொடுக்கலாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது, ஆகவே கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. விடைத்தாளோடு சேர்த்து மூதவைத் தீர்மானம், பரீட்சை விதிகள் என்று தனித்தனியாகக் கேளுங்கள், ஒன்றை மறுத்தாலும் மற்றது வரும். முடிவு சொல்ல அவர்களுக்கு 14 வேலை நாள் உண்டு. மேலே உள்ள உப்புவெளிப் பிள்ளைக்கு அதற்குள் மாதம் முடிந்துவிடும், அவர் இதை நம்பிக் காத்திருக்க முடியாது. உங்களுக்கு எப்போது பெறுபேறு வந்தது என்று எழுதவேயில்லையே?