அகாடமியில் எடுக்கவில்லையா, கிளப்புக்கு அனுப்புங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் மேற்கு சிட்னியில் வென்ட்வொர்த்வில் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு. மாநில ரக்பி அணியின் அகாடமிக்கு, அதாவது இளையோர் பயிற்சிக்கு, தேர்வானவர்கள் பட்டியலில் இந்த முறை அவன் பெயர் இல்லை. கடன் வாங்கியாவது ரக்பிக்குப் பேர்போன தனியார் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறார் அவன் அப்பா. ரக்பியை மூட்டை கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வான எச்எஸ்சிக்குப் படிக்கட்டும் என்கிறீர்கள் நீங்கள். பையன் ஒன்றுமே பேசுவதில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்தால் அவன் என்னதான் பேசுவான்?

என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம்.

அவன் அப்பாவின் எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. கண்டியில் வளர்ந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். 1945 முதல் கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்கு ரக்பியில் மோதி வருகின்றன. அந்த ஆட்டத்துக்குத் திரளும் கூட்டத்தைச் சிறு வயதில் பார்த்தவருக்கு, பள்ளி ஜெர்சியைப் போட்டவன்தான் ஆட்டக்காரன் என்று மனதில் பதிந்துபோயிருக்கும். இங்கேயும் அந்த எண்ணத்துக்கு இடமில்லாமல் இல்லை. ஹண்டர்ஸ் ஹில் செயின்ட் ஜோசப்ஸ் போன்ற பள்ளிகளிலிருந்து தேசிய அணியான வாலபீஸுக்கு வரிசையாக ஆட்கள் போயிருக்கிறார்கள். ஆனால் சிட்னியில் பள்ளி முடிந்த பிறகும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதுதான் கிளப். கண்டியின் நித்தவெல மைதானத்தில் கண்டி கிளப் ஆடியதை அவர் பார்த்திருப்பார், அதையும் ஞாபகப்படுத்துங்கள்.

அந்த வாசல் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் பயத்தில் பாதி, அது தெரியாததால் வந்தது.

சிட்னியின் முதன்மை கிளப் போட்டிக்கு ஷூட் ஷீல்டு என்று பெயர். 1923 முதல் நடக்கிறது. ராண்ட்விக், மேன்லி, ஈஸ்ட்வுட், கோர்டன், சிட்னி பல்கலைக்கழகம் என்று கிளப்புகள். சிட்னி பல்கலைக்கழக கிளப் 1863லேயே தொடங்கியது. பிரிஸ்பேனில் இதே மாதிரி பிரதர்ஸ், சவுத்ஸ் முதலிய கிளப்புகளுக்குத் தனிப் போட்டி உண்டு. ஒரு கிளப்புக்கு ஒரு அணி என்று நினைத்துவிடாதீர்கள். முதல் கிரேடிலிருந்து நான்காம் கிரேடு வரை பெரியவர்களுக்கு, அதற்குக் கீழே இருபது வயதை ஒட்டிய பையன்களுக்கு கோல்ட்ஸ் என்று மூன்று அணிகள். சனிக்கிழமை காலையில் கடைசி அணியில் ஆரம்பித்து, மதியம் மூன்று மணி வாக்கில் முதல் கிரேடு இறங்கும். அத்தனை பேரும் செவ்வாய், வியாழன் மாலையில் ஒரே மைதானத்தில் பயிற்சி செய்கிறவர்கள். வியாழக்கிழமை மேலே ஒருவனுக்குத் தொடை பிடித்துக்கொண்டால், சனிக்கிழமை கீழே இருப்பவன் ஒரு படி ஏறுவான். அவன் இடத்துக்கு இன்னொருவன். யாருக்கும் கடிதம் வராது, நேர்காணல் கிடையாது.

இன்னொன்று இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. சூப்பர் ரக்பி என்கிற தொழில்முறைப் போட்டி பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை போகும். கிளப் சீசன் ஏப்ரலில் தொடங்கிவிடும். ஒரு தொழில்முறை அணியில் முப்பத்தைந்து, நாற்பது பேர் சம்பளத்தில் இருந்தாலும் ஆட்ட நாளில் இடம் 23 பேருக்குத்தான். மிச்சப் பேர் சும்மா உட்காரமாட்டார்கள், தங்கள் கிளப்புக்கு வந்து ஆடுவார்கள். கோல்ட்ஸிலிருந்து ஏறிவந்த பத்தொன்பது வயதுப் பையன், முழுநேர ஆட்டக்காரன் ஒருவனை எதிரே நின்று தடுக்க வேண்டியிருக்கும். அடி வாங்குவான். ஆனால் தனக்கும் அந்த உயரத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதை அன்றைக்கே தெரிந்துகொள்வான். எந்தப் பள்ளியும் இதைக் கற்றுக்கொடுக்க முடியாது.

பழைய கதை ஒன்று. 1989 ஆகஸ்ட், ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்ட், அதாவது நாட்டு அணிகள் மோதும் ஆட்டம். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் பாப் டுவையர், முன்வரிசையின் நடுவில் ஆடும் ஹூக்கர் இடத்துக்கு ஃபில் கேர்ன்ஸ் என்ற 22 வயதுக்காரரை இறக்கினார். அவர் அப்போது ராண்ட்விக் கிளப்பின் முதல் அணியில்கூட இல்லை, இரண்டாம் அணியில் இருந்தார். முதல் அணியின் ஹூக்கர் யார் தெரியுமா? பின்னாளில் ஆஸ்திரேலியாவுக்கே பயிற்சியாளரான எடி ஜோன்ஸ். டுவையர் ராண்ட்விக்கின் பழைய பயிற்சியாளர். கீழ் அணியில் யார் எப்படி ஆடுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றைய ஆட்டத்தில் ஆஸ்திரேலியா தோற்றது. ஆனால் இரண்டு வருடத்தில் அதே கேர்ன்ஸ் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். இன்றைக்கு இப்படி நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1995ல் ரக்பி தொழில்முறை ஆட்டமானது, அதன் பிறகு இரண்டாம் கிரேடிலிருந்து நேராக டெஸ்டுக்கு யாரும் தாவ முடியாது. நடுவில் சூப்பர் ரக்பி என்ற படி வந்துவிட்டது. ஆனால் அந்தப் படிக்கு ஆள் தேடுகிறவர்கள் இன்றும் சனிக்கிழமை கிளப் மைதானத்துக்கு வருகிறார்கள்.

அரசுப் பள்ளிப் பையனுக்கு இதில் இடம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். ராண்ட்விக்கின் பெரிய பெயர்களான, எல்லா (Ella) என்ற குடும்பப் பெயர் கொண்ட சகோதரர்கள் மூவரும், மார்க், கிளென், கேரி, லா பெருஸ் என்ற கடலோரப் பகுதியில் வளர்ந்த பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகள். மேட்ராவில் அரசுப் பள்ளியில் படித்தார்கள். மூவருமே ஆஸ்திரேலியாவுக்கு ஆடினார்கள். 1984ல் பிரிட்டன், அயர்லாந்து சுற்றுப்பயணத்தில் நான்கு டெஸ்டிலும் மார்க் டிரை போட்டார், அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தார். உங்கள் பக்கத்திலேயே வேண்டுமென்றால் டட்டாஃபு பொலோடா-நவ். கிரான்வில் ஆண்கள் அரசுப் பள்ளி, பரமட்டா கிளப், அப்புறம் 90 டெஸ்ட். வில் ஸ்கெல்டன் ஹில்ஸ் விளையாட்டு அரசுப் பள்ளியில் படித்து, சிட்னி பல்கலைக்கழக கிளப்பில் ஆடி, 2023 உலகக் கோப்பையில் அணித்தலைவர் ஆனார். (அவர் 6 அடி 8 அங்குலம். பயிற்சியால் வருவதல்ல அது. உங்கள் மகனை அளந்து பார்க்காதீர்கள்.)

தாமதமாக மலர்கிறவர்களுக்கும் இதே வழிதான். ஸ்காட் ஃபார்டியை எந்த அகாடமியும் பொத்திப் பொத்தி வளர்க்கவில்லை. வாரிங்கா கிளப்பில் ஆடினார், இங்கே ஒப்பந்தம் அமையாமல் ஜப்பானின் கமாயிஷிக்குப் போனார். 2011 சுனாமி அந்த ஊரைச் சிதைத்தபோது கிளம்பி வந்துவிடாமல் அங்கேயே நின்று உதவினார். திரும்பி வந்து, 2013ல் 29 வயதில் முதல் டெஸ்ட் ஆடினார். பதினாறு வயதில் ஒரு பட்டியலில் பெயர் வராததை வைத்து உங்கள் வீட்டில் இவ்வளவு கலவரம் நடப்பதால் இதைச் சொன்னேன்.

சரி, இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நாடு முழுவதும் தொழில்முறை அணிகள் இப்போது நான்குதான். ஐந்தாவதாக இருந்த மெல்போர்ன் ரெபெல்ஸ் 2024ல் மூடப்பட்டது. நான்கு அணிக்கும் சேர்த்து நூற்றைம்பது பேர் சொச்சம். கிளப்பில் ஆடுகிற பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். எலக்ட்ரீஷியன், ஆசிரியர், வங்கி ஊழியர், மாணவர். கிளப்புக்கும் சூப்பர் ரக்பிக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தை நிரப்ப 2007ல் ஒரு தேசியப் போட்டி தொடங்கி ஒரே சீசனில் நின்றுபோனது. 2014ல் இன்னொன்றைத் தொடங்கினார்கள், 2019 சீசனோடு அதுவும் முடிந்தது. கிளப் ஆட்டத்தின் தரம் போதாது என்று சொல்கிறவர்களும் உண்டு, அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆகவே ரக்பியை அவனுடைய தொழில் திட்டம் என்று எழுதிவைக்காதீர்கள். படிப்போடும் வேலையோடும் கூடவே ஓடக்கூடியது என்பதுதான் கிளப்பின் பலம். சிட்னி பல்கலைக்கழக கிளப்பில் ஆடி, அங்கேயே பட்டமும் வாங்கி, வாலபீஸில் ஆடிய ஃபில் வா, 2023 முதல் ரக்பி ஆஸ்திரேலியாவின் தலைமை நிர்வாகி. ஆட்டமும் படிப்பும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று யார் சொன்னது?

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் உங்களைப் போலவே ஒரு தாய் வந்தார். பையனுக்கு மதிப்பெண் குறைகிறது, விளையாட்டை நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டார். நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தினான். மதிப்பெண் ஏறவில்லை. செவ்வாய், வியாழன் மாலைகளில் கணினி முன்னால் உட்கார்ந்தான், அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு மாலையும் ஒரு சனிக்கிழமையும் ஒழுங்காகப் போய்வருகிற பிள்ளை, மிச்ச நேரத்தையும் ஒழுங்காக வைத்துக்கொள்வான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

தனியார் பள்ளிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சிட்னியின் மேல்மட்டப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணமே 40,000 டாலரைத் தாண்டும். கடைசி ஒரு வருடத்துக்காகப் பள்ளி மாறினால் பாடங்களும் ஆசிரியர்களும் மாறுவார்கள், பதினைந்து பேர் கொண்ட பள்ளி முதல் அணியில் இடம் கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு சின்னப் பகுதி, பிள்ளை பல்கலைக்கழகம் போகும்போது வாடகைக்கு உதவும்.

காயத்தைப் பற்றி இரண்டே வார்த்தை. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே வெளியே உட்கார வேண்டும். மூளையதிர்ச்சி ஏற்பட்ட இளையோர் 21 நாட்களுக்கு முன் மோதல் உள்ள ஆட்டத்துக்குத் திரும்பக்கூடாது என்று ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் 2024ல் வழிகாட்டியது. இதைக் கறாராகப் பின்பற்றாத கிளப்பாக இருந்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அங்கே விடாதீர்கள்.

எந்த கிளப் என்பதற்கு என் யோசனை இது. உங்கள் வீட்டுக்கு அருகில் இருப்பது பரமட்டா என்று அழைக்கப்பட்டு, இப்போது வெஸ்டர்ன் சிட்னி டூ ப்ளூஸ் ஆகியிருக்கும் கிளப். 1879ல் தொடங்கியது, மெரிலேண்ட்ஸில் ஆடுகிறார்கள். மேற்கு சிட்னி கிளப்புகளிடம் காசு குறைவு, புள்ளிப் பட்டியலில் அடிக்கடி கீழேதான் இருப்பார்கள். பென்ரித் கிளப்பை 2018ல் போட்டியை விட்டே எடுத்துவிட்டார்கள். ஆனால் அங்கே ஆள் நெரிசல் கம்மி, சீக்கிரம் மேலே ஆடக் கிடைக்கும். பல்கலைக்கழக கிளப்பில் வசதி அதிகம், வரிசையும் நீளம், மூன்றாம் கோல்ட்ஸில் ஒரு வருடம் கிடக்க நேரலாம். பதினெட்டு வயதில் பெஞ்சில் உட்கார்ந்து கற்பதைவிட, தோற்கிற அணியில் எண்பது நிமிடம் ஆடிக் கற்பது மேல் என்பது என் கட்சி. மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த வருடமும் அடுத்த வருடமும் பள்ளி அணியிலோ அக்கம்பக்கத்து ஜூனியர் கிளப்பிலோ ஆடட்டும். எச்எஸ்சி கடைசித் தேர்வு நவம்பரில் முடிந்துவிடும். அடுத்த சீசனுக்கான கோல்ட்ஸ் பயிற்சி அதையொட்டித் தொடங்கும், அப்போது போய்ச் சேரட்டும். படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மாலை வகுப்புகள் எந்த நாளில் என்று பார்க்கச் சொல்லுங்கள். அவனுக்கு உயிரியல் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். பிசியோதெரபி, உடற்பயிற்சி அறிவியல் மாணவர்கள் சனிக்கிழமைகளில் கிளப்பில் கட்டுப் போட்டு அனுபவம் சேர்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆட முடியாமல் போகிற வாரத்திலும் அவனுக்கு அங்கே ஒரு வேலை இருக்கும்.

அதற்கு முன், வருகிற ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நீங்கள் மூவரும் மெரிலேண்ட்ஸ் மைதானத்துக்குப் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள், கீழ் அணிகளின் ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள். கோல்ட்ஸ் மேலாளர் யார் என்று விசாரித்து, தேர்வு நேரத்தில் பயிற்சிக்கு வராத பையன்களை என்ன செய்வீர்கள் என்று நேராகக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள். பிறகு பன்னிரண்டாம் வகுப்புப் பாடப் பட்டியலோடு ஒருநாள் வாருங்கள், அவன் அப்பாவும் கூட வரட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்