தம்பியின் கை நடுக்கம்

அன்புள்ள அண்ணா,

என் தம்பிக்கு இருமுனைக் கோளாறு, மனசு ஒரேயடியாக ஏறும், ஒரேயடியாக இறங்கும். அதற்கு மூன்று வருஷமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். நாலு நாளாக வயிறு தண்ணியாகப் போகிறது. கட்டன் டீ கிளாஸைப் பிடித்தால் கை நடுங்கிச் சட்டையில் சிந்துகிறது. அவன் கூட்டாளி, மனசுக்கு வேரே வயிறுதான், மாத்திரையை விட்டுவிட்டுக் கொடைக்கானல் போதைக் காளானை ஒருமுறை எடுத்தால் ரெண்டும் சரியாகிவிடும், வெளிநாட்டில் ஆராய்ச்சியே நடக்கிறது என்கிறான். போகலாமா?

வாசகி, குமுளி

அன்புள்ள தங்கச்சி,

காளானை அப்புறம் பேசுவோம். முதலில் தம்பியை இன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். லித்தியம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். வயிற்றுப்போக்கில் தண்ணீரும் உப்பும் குறைந்துவிட்டால், சிறுநீரகம் உப்பை விடாமல் பிடித்து வைக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். அப்படி ஏறினால் அதுவே வயிற்றைக் கலக்கும், கையையும் நடுங்க வைக்கும். அதனால்தான் அந்த கட்டன் கிளாஸ் என்னைப் பயமுறுத்துகிறது. நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுப்பதா வேண்டாமா என்று போனிலாவது மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். வலி என்று சொன்னால் கடையில் ஐபுப்ரோஃபென் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அதுவும் லித்தியம் அளவை ஏற்றும்.

சரி, காளான். ஆராய்ச்சி நடப்பது உண்மைதான், நானும் ஆசையோடு படித்துக்கொண்டிருக்கிறேன். 2022-ல் வெளியான ஒரு சோதனையில், மருந்துக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 233 பேருக்கு, அந்தக் காளானில் போதை தரும் பொருளான சைலோசைபினை மூன்று வெவ்வேறு அளவுகளில் கொடுத்தார்கள். 25 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மூன்று வாரத்தில் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்தது. ஆனால் அது அளந்து கொடுத்த மருந்து, பயிற்சி பெற்றவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள், இருமுனைக் கோளாறு உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. தம்பி மாதிரி ஒருவருக்கு அது பித்து நிலையை, அதாவது மனசு கட்டுமீறி ஏறும் நிலையை, கிளப்பிவிடலாம். லித்தியத்தோடு இந்த வகைப் பொருள்களை எடுத்தவர்கள் இணையத்தில் எழுதிவைத்த 62 அனுபவங்களை 2021-ல் ஆராய்ந்தபோது, கிட்டத்தட்ட பாதியில் வலிப்பு வந்திருந்தது. அதற்காக மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பி வரக்கூடும். நம் நாட்டில் சைலோசைபின் போதைப்பொருள் சட்டத்தில் வேறு இருக்கிறது.

கூட்டாளி சொன்ன வயிறு விஷயம் முழுப் பொய்யில்லை. மனநிலையோடு தொடர்புள்ள ரசாயனமான செரடோனினில், உடம்பில் உள்ளதில் 90 சதவீதத்துக்கும் மேல் குடலில்தான் உண்டாகிறது, ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் குடல் நுண்ணுயிர்கள் வழியாகவும் இரண்டும் பேசிக்கொள்கின்றன. மனச்சோர்வு உள்ளவர்களின் குடல் நுண்ணுயிர்களை எலிகளுக்கு மாற்றியபோது அவற்றிடமும் அந்தச் சாயல் தெரிந்ததை அயர்லாந்தின் கார்க் நகரத்து ஆய்வாளர்கள் 2016-ல் எழுதினார்கள். எனக்கு அது பெரிய ஆச்சரியம். ஆனால் எலியிடம் கண்டதை வைத்துத் தம்பிக்கு வைத்தியம் பார்க்க முடியாது.

போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டான் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். ரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.