ரோடு ஏறுது, வீடு இறங்குது: வாசகர் கேள்வி பதில்

உங்கள் ஊர் உள்ளாட்சி பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சின்னதாக ஒரு பெட்டிச் செய்திதான் போட்டோம், புறநகர்ப் பக்கமிருந்து கடிதம் வந்து குவிந்துவிட்டது. எழுதியவர்களில் பலர் "பேர், ஊர் போட வேண்டாம், நாளைக்கும் அதே ஆபீஸுக்குத்தான் போயாகணும்" என்று அடிக்குறிப்பு போட்டிருந்தார்கள். நியாயம்தான். யாருடைய பெயரும் இல்லை, கேள்வி மட்டும்.

எங்கள் தெருவில் மறுபடியும் ரோடு போடப் போகிறார்களாம். வீடு கட்டியபோது வாசலில் மூன்று படி இருந்தது, இப்போது ஒன்றுகூட இல்லை. கேட் திறக்கவில்லை என்று வெல்டரை வைத்து அடிப்பக்கத்தை அறுத்தோம். மழை வந்தால் ரோட்டுத் தண்ணீர் போர்டிகோவில் நிற்கிறது. ரோடே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை)

வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் அம்மா, சந்தோஷமாக அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள், உங்கள் தெருக் குழி அப்படியே இருக்கும். "பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, இப்போதிருக்கும் மட்டத்துக்கு மேல் போகாமல் போடுங்கள்" என்று எழுதுங்கள். இதற்குப் பெயர் மில்லிங். புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கை இல்லை. 2021 மே மாதமே அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு, சாலையின் மேல்தளத்தைச் சுரண்டாமல் மேலே மேலே போடக் கூடாது, வீடுகள் பள்ளத்தில் போகின்றன என்று துறைகளுக்கு எழுதிவிட்டார். மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

ஆனால் மனு எப்போது போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஜல்லி வந்து இறங்கி, ரோலர் வந்து நின்ற பிறகு தெருவே திரண்டு வந்து கத்தினாலும் பிரயோஜனம் கம்மி. காண்ட்ராக்டர் கையில் இருக்கும் எஸ்டிமேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் அவருக்குக் காசு. சுரண்டும் வேலை அதில் ஓர் இனமாக இல்லையென்றால் அவர் ஏன் சுரண்டப் போகிறார்? அந்த எஸ்டிமேட்டை எழுதுகிறவர் உங்கள் பகுதி உதவிப் பொறியாளர், ஏ.இ. என்பார்களே, அவர். மன்றத்தில் தீர்மானம், டெண்டர், வேலை உத்தரவு எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆகவே ரோடு வரப்போகிறது என்று காதில் விழுந்த அன்றே ஏ.இ.யைப் போய்ப் பாருங்கள், மனுவின் நகல் ஒன்றைக் கவுன்சிலருக்கும் கொடுங்கள்.

எஸ்டிமேட்டில் மில்லிங் இருந்தும் சுரண்டாமலே தார் ஊற்றிவிட்டுப் போனால்? அது இன்னும் பெரிய கதை. செய்த வேலையை அளந்து எழுதும் எம்-புக் என்று ஒன்று உண்டு, பில் பாஸாவது அதை வைத்துத்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்-புக் மூன்றின் நகலையும் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜே)-யில் தகவல் உரிமை என்றால் வெறும் காகிதம் இல்லை, நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் சான்றளித்த மாதிரி எடுத்துக்கொள்ளவும் உரிமை இருக்கிறது. ரோட்டிலிருந்து ஒரு துண்டு கேட்கலாம் என்று அர்த்தம். கேட்டுத்தான் பாருங்களேன்.

இன்னொன்று, அடுத்த தடவை சிமெண்ட் ரோடு போடுகிறோம் என்றால் யோசித்துத் தலையாட்டுங்கள். தாரைச் சுரண்ட மெஷின் இருக்கிறது, சிமெண்டைப் பெரும்பாலும் உடைத்துத்தான் எடுக்க வேண்டும், யாரும் உடைக்க மாட்டார்கள், அதன் மேலேயே அடுத்தது ஏறும்.

தெருவிளக்கு எரிந்து வாரக் கணக்காகிறது. மின்வாரியத்தில் கேட்டால் உள்ளாட்சியைக் கேள் என்கிறார்கள், அங்கே கேட்டால் மின்வாரியம் என்கிறார்கள்.
(இரவுப் பணிக்குப் போகும் செவிலியர்)

கம்பமும் கம்பியும் பெரும்பாலும் மின்வாரியத்துடையது. அதில் தொங்கும் விளக்கு உள்ளாட்சியுடையது. ஒரு விளக்கு மட்டும் அணைந்திருந்தால் உள்ளாட்சி, வீடுகளிலும் கரண்ட் இல்லையென்றால் வாரியம். புகாரில் கம்பத்து எண்ணை எழுதுங்கள். "பிள்ளையார் கோயில் பக்கத்துக் கம்பம்" என்று எழுதினால் லைன்மேனுக்குப் புரியும், ஆபீஸில் பதிவு பண்ணுகிறவருக்குப் புரியாது.

எங்கள் ஊராட்சியைப் பக்கத்து மாநகராட்சியோடு சேர்க்கப் போவதாகப் பேச்சு. நல்லதா, கெட்டதா?
(குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்)

நீங்கள் மனை விற்கிறவரா, நூறு நாள் வேலைக்குப் போகிறவரா என்பதைப் பொறுத்தது!

சும்மா சொல்லவில்லை. நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் கிராம ஊராட்சிக்கு மட்டும்தான், நகர உள்ளாட்சியில் சேர்ந்த மறுநாள் அது போய்விடும். கிராம சபையும் போய்விடும். வீட்டு வரி நகரக் கணக்குக்கு மாறும். அதனால்தான் இணைப்பு என்ற பேச்சு வந்தாலே வயல் பக்கமிருந்து எதிர்ப்பும், பிளாட் பக்கமிருந்து வரவேற்பும் ஒரே ஊருக்குள்ளேயே கிளம்புகிறது.

தாம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகளையும், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகளோடு ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். பாதாளச் சாக்கடை, குடிநீர்த் திட்டம் மாதிரி கோடிக் கணக்கில் செலவாகும் வேலைகளை ஒரு தனிப் பேரூராட்சியால் தூக்கவே முடியாது, அங்கே பெரிய அமைப்பு உதவும், மறுக்கவில்லை. ஆனால் தனக்கென்று ஒரு தலைவர், ஒரு மன்றம், நடந்து போகும் தூரத்தில் ஒரு செயல் அலுவலர் என்றிருந்த ஊர், 70 பேர் உட்காரும் மன்றத்தில் இரண்டு மூன்று குரலாகச் சுருங்கிவிடுகிறது. டீக்கடையில் தலைவரைப் பிடித்துக் கேட்ட காலம் முடிந்தது. மண்டல அலுவலகம், டோக்கன், "ஏ.இ. சைட்டுக்குப் போயிருக்கார்".

என் அபிப்பிராயம் இதுதான்: ஊர் முழுக்க வீடாகி, லாரித் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தால் சேருங்கள். பாதிக்கு மேல் வயலும் ஏரியுமாக இருந்தால் எதிர்த்து நில்லுங்கள். இணைப்பு அறிவிப்பு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் உண்டு. அதற்கு முன்பே கிராம சபையில் தீர்மானம் போட்டு வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் இருக்கிறது. அரசு அதைக் கேட்டே தீர வேண்டும் என்பதில்லை, ஆனால் பின்னால் கோர்ட்டுக்குப் போனால் அந்தத் தீர்மானம் கையில் இருக்கும்.

எங்கள் வார்டு கவுன்சிலர் பெண். ஆனால் போன் செய்தால் எடுப்பது, பூமி பூஜைக்கு வருவது, ஆபீஸில் உட்காருவது எல்லாம் அவர் கணவர். இது சரியா?
(கல்லூரி மாணவி)

சரியில்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் வந்தது, அந்தச் சட்டத்தில் கணவர் என்று ஒரு பதவி கிடையாது. மன்றக் கூட்டத்தில் அவர் உட்கார முடியாது, கோப்பைப் பார்க்க முடியாது, கையெழுத்துப் போட முடியாது. உங்களால் ஒன்று செய்ய முடியும்: மனுவைக் கவுன்சிலர் பெயருக்கே எழுதி, அவர் கையிலேயே கொடுங்கள். "அண்ணன்கிட்ட கொடுத்துடுங்க" என்றால் "அக்காவைப் பார்த்துட்டே போறேன்" என்று காத்திருங்கள். ஊரே அண்ணனைத் தேடிப் போனால் அக்கா எப்படிக் கற்றுக்கொள்வார்? தாம்பரத்துக்கு 2022-ல் மேயரான வசந்தகுமாரிக்கு அப்போது வயது 25. சின்ன வயசு, புதுசு என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை.

சொத்து வரியில் தள்ளுபடி உண்டாமே?
(வீட்டு உரிமையாளர்)

உண்டு. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்கும், முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். 2022-ல் சென்னையின் பழைய பகுதி தவிர மற்ற நகர்ப்புறங்களில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏற்றினார்கள். உங்கள் வீட்டின் அளவு பதிவேட்டில் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். 1,190 சதுர அடி வீடு 1,210 என்று ஏறியிருந்தால் ஒரு படி மேலே போய்விடுவீர்கள்.

பகுதி சபா என்கிறார்களே, அதற்குப் போனால் ஏதாவது நடக்குமா, டீ பிஸ்கட்டோடு சரியா?
(ஆட்டோ ஓட்டுநர்)

கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்குப் பகுதி சபா. 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சிகள் தினத்தில் தொடங்கினார்கள், பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சர் ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். அந்தப் பகுதியில் ஓட்டு இருக்கிறவர்கள் எல்லோரும் கலந்துகொள்ளலாம், கவுன்சிலர் நடத்த வேண்டும்.

நடக்குமா என்றால், சத்தம் போட்டால் நடக்காது, எழுத வைத்தால் கொஞ்சம் நடக்கும். நம் ஆட்கள் மைக் கிடைத்ததும் காவிரியிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதற்குள் நேரம் முடிந்து பொன்னாடை வந்துவிடும். நீங்கள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும், இந்தத் தெரு, இந்த இடத்தில் மழைநீர்க் கால்வாய் மூடி உடைந்திருக்கிறது என்று சொல்லி, அது கூட்டக் குறிப்பில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். அடுத்த கூட்டத்தில் "போன தடவை எழுதினீங்களே" என்று கேட்க அந்த வரிதான் உதவும்.

தெருவில் நாய்த் தொல்லை தாங்கவில்லை. பிடித்துக்கொண்டு போய் அதே தெருவிலேயே விடுகிறார்கள். என்ன நியாயம்?
(பள்ளிப் பிள்ளையின் தாய்)

தெரு நாயைப் பிடித்தால் கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023 விதி. வேறு எங்கேயோ கொண்டுபோய் விட்டால் அங்கே புது நாய், இங்கேயும் புது நாய் வந்துவிடும். ஆனால் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றைத் திருப்பி அங்கேயே விடக் கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் உங்கள் பிரச்சினை பள்ளி வளாகத்துக்குள் என்றால் அப்படியே குறிப்பிட்டு எழுதுங்கள்.

தெருவுக்கு ஒரு யோசனை. கருத்தடை செய்த நாய்க்குக் காது ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். வெட்டு இல்லாதவை எத்தனை என்று எண்ணி, எந்த நேரத்தில் எங்கே படுத்திருக்கும் என்று எழுதிக் கொடுத்தால், பிடிக்க வருகிற ஆட்கள் வெறும் வண்டியோடு திரும்ப மாட்டார்கள். கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனை. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

வீடு கட்ட பிளான் அப்ரூவல் வாங்கித் தருகிறேன் என்று தரகர் பெரிய தொகை கேட்கிறார்.
(வங்கி ஊழியர்)

மனை 2,500 சதுர அடிக்குள், கட்டிடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும்தான் என்றால் 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் நீங்களே ஆன்லைனில் போடலாம். முன்கூட்டி வந்து இடம் பார்க்கும் வேலை இல்லை, பணி முடிவுச் சான்றும் தேவையில்லை. மனை அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். தரகருக்குக் கொடுக்கிற பணத்துக்கு ஒரு ஜன்னல் கூடுதலாக வைக்கலாம்.

கவுன்சிலருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் நீல டிக் வருகிறது, வேலை வரவில்லை.
(மளிகைக் கடைக்காரர்)

நீல டிக் ஒப்புகைச் சீட்டு ஆகாது. இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முதல்வர் உதவி மையத்தின் 1100-க்குப் போன் செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டோவை அப்புறம் அனுப்புங்கள், கூடவே அந்த எண்ணையும்.

எங்கள் ஊர் நூலகக் கூரை ஒழுகுகிறது, புத்தகமெல்லாம் பூஞ்சை. உள்ளாட்சியில் கேட்டால் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறார்கள்.
(பத்தாம் வகுப்பு மாணவர்)

தம்பி, வீட்டில் சொத்து வரி ரசீதை வாங்கிப் பார். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948-லேயே நம் மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது, சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலகத்துக்கு. வசூல் செய்வது உள்ளாட்சி, அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுத்தாக வேண்டும், நூலகத்தை நடத்துவது அவர்கள். ஆகவே மனு போக வேண்டிய இடம் மாவட்ட நூலக அலுவலர். ஒழுகும் இடத்தை மழை பெய்யும்போதே போட்டோ எடுத்து வை, வெயிலில் வந்து பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். கூடவே இன்னொரு மனு, தகவல் உரிமைச் சட்டத்தில், பெரியவர் யாராவது பெயரில் உள்ளாட்சிக்கு: கடந்த மூன்று ஆண்டுகளில் நூலக வரி எவ்வளவு வசூலானது, அதில் எவ்வளவு ஆணைக்குழுவுக்குப் போனது? பதில் வந்ததும் நகலை எங்களுக்கு அனுப்பு, அடுத்த இதழில் போடுகிறோம்.