மகள் ஆடப் போகிறேன் என்கிறாள்

அன்புள்ள அண்ணன்,

பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் கடை பூட்டியிருந்ததால் புறக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி, மகளைப் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க வெள்ளவத்தைக்கு வந்தீர்கள். அரை மணித்தியாலம்தான் பேச முடிந்தது. அதற்குள் வெளியே வேறு பெற்றோர் வந்து காத்திருந்தார்கள். பாதிப் பேச்சோடு உங்களை அனுப்பிவிட்டது அன்று முழுக்க மனதை உறுத்தியது. அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு என்னிடம் வரும் வேறு பெற்றோரும் படிக்கட்டும் என்று பெயர், ஊர் எதையும் போடவில்லை. அதற்குச் சம்மதித்த உங்களுக்கு நன்றி.

நீங்கள் சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாருங்கள். மகளுக்கு 16 வயது முடிந்துவிட்டது. சாதாரண தரப் பரீட்சையில் எல்லாப் பாடமும் சித்தி, நடனத்தில் ஏ. இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் ஒரு குழு உங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, சமுதாய மண்டபத்தில் பிள்ளைகளுக்கு நடனம் பழக்குகிறது. இப்போது அந்தக் குழு அவளைக் கொழும்புக்குக் கூப்பிடுகிறது. 9 மாதம் தங்கிப் பயிற்சி, அப்புறம் உதவிப் பயிற்றுநர் வேலை. அவள் போகத் துடிக்கிறாள், அம்மா அழுகிறார், மாமா "கூத்தாடியாகப் போகிறாளா?" என்று கேட்டுவிட்டார். நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இது சோறு போடுமா மிஸ்?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். ஆனால் இந்த வருடம் கொழும்புக்கு அனுப்பவும் வேண்டாம். உயர்தரம் முடியட்டும்.

இந்தக் குழு செய்வதைச் சமூக நடனம் என்பார்கள். கொழும்பில் நாம் பார்க்கும் நடன வகுப்பிலிருந்து இது நிறைய வேறுபடும். இங்கே குருவிடம் சேர்ந்து, தட்டடவிலிருந்து தொடங்கி, வருடக்கணக்காகப் பழகி, சலங்கை கட்டி, வசதி இருந்தால் ஒரு மண்டபம் எடுத்து அரங்கேற்றம் செய்வார்கள். அணியிசைக் கலைஞர்கள், உடுப்பு, நகை, மண்டப வாடகை என்று பல லட்சம் ரூபாய் போகும். அந்தக் கலை பெரியது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளரும் பிள்ளைக்கு அந்த வாசல் திறப்பதே அரிது.

சமூக நடனத்தில் ஆள் தெரிவு கிடையாது. உடம்பு ஒல்லியா, தாளம் வருமா, காலில் குறையா என்று யாரும் பார்ப்பதில்லை. வந்தவர்கள் எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். "அம்மா கொழுந்து பறிக்கும்போது கை எப்படிப் போகும், செய்து காட்டு" என்று பயிற்றுநர் கேட்பார். ஒரு பிள்ளை செய்து காட்டும், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். கூடை சுமக்கும் முதுகு, மழையில் வழுக்கும் படி, பீலியில் தண்ணீர் பிடிக்க நிற்கும் வரிசை, எல்லாம் அசைவாக மாறும். கடைசியில் பிள்ளைகள் தாங்களே கோத்த ஒரு ஆட்டம் இருக்கும். இப்படியான வகுப்புகளை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். பாடசாலையில் வாயே திறக்காத ஒரு பையன் இருபது பேருக்கு முன்னால் நின்று "இப்ப எல்லாரும் என்னைப் பாருங்க" என்று சொன்னதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீங்கள் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? மகள் பின்னேரங்களில் லய வாசலில் எட்டுச் சின்னப் பிள்ளைகளை வைத்து ஆடப் பழக்குகிறாள், அது வீண் வேலை என்று. அண்ணன், அன்று நீங்கள் சொன்னதில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். நன்றாக ஆடும் பிள்ளைகள் பல பேர் இருக்கிறார்கள். யாரும் சொல்லாமல், ஒரு சதம் வாங்காமல், எட்டுப் பிள்ளைகளை ஒன்றாக நிறுத்திப் பழக்கத் தெரிந்த 16 வயதுப் பிள்ளை அபூர்வம். அவளுக்குள் ஒரு ஆசிரியை இருக்கிறாள். இனி நான் சொல்லும் வழியெல்லாம் அதை வைத்துத்தான்.

மாமாவின் சொல்லுக்கு வருகிறேன். நீங்களே இளவயதில் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டியதாகச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். மாசியில் காமன் நட்டு, தப்பு முழங்க ரதியும் மதனும் லயம் லயமாக ஆடிப் போய், கடைசியில் மதன் எரிந்து எழும்பும் வரைக்கும் தோட்டமே தூங்காமல் இருக்கும் அல்லவா? அந்த ஆட்டத்தில் நின்றவர்களை ஊர் சாமியாகப் பார்த்தது. அதே ஆட்டத்தைப் பெண் பிள்ளை பழகினால் மட்டும் ஏன் குறைச்சல்? மட்டக்களப்புக் கிராமங்களின் கூத்தையும் ஒரு காலத்தில் படித்தவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். 'கர்ணன் போர்' 1962இல் வந்தது. இன்று கூத்து பல்கலைக்கழகத்தில் படிக்கும் விடயம், அதை ஆய்வு செய்து பட்டம் வாங்குகிறார்கள்.

கடல் கடந்தும் ஒரு உதாரணம் உண்டு. தமிழ்நாட்டில் திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு என்று ஒன்று இருக்கிறது. சகோதரி சந்திரா என்ற கன்னியாஸ்திரி தொடங்கியது. பள்ளிப் படிப்பை இடையில் விட்ட கிராமத்துத் தலித் பெண் பிள்ளைகளுக்குப் பறையும் நாட்டுப்புற ஆட்டங்களும் பழக்குகிறார்கள். சாவு வீட்டு மேளம் என்று ஒதுக்கிய பறையை, ஆண்கள் மட்டுமே அடித்த பறையை, அந்தப் பிள்ளைகள் தோளில் மாட்டிக்கொண்டு வெளிநாட்டு மேடை வரைக்கும் போனார்கள். நம் தோட்டத்துத் தப்பும் அந்தப் பறையும் உறவுதான். அதனால்தான் அவர்களைப் பற்றிச் சொல்லத் தோன்றியது.

சரி, சோற்றுக்கு வருவோம்.

சமூக நடனப் பயிற்றுநர் வேலை இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் திட்ட நிதியில் ஓடும் வேலை. நிதி இருக்கும் வரை கொடுப்பனவு வரும், திட்டம் முடிந்தால் நின்றுவிடும். ஊழியர் சேமலாப நிதிகூட இல்லாமல் நாள் கூலி போல வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். ஹோட்டல் நிகழ்ச்சி, கல்யாண வீட்டு நடனம், தொலைக்காட்சி என்று ஆடிச் சம்பாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரவு வேலை, முழங்கால் தாங்கும் வரைக்கும்தான் வருமானம். கையில் வேறு தகைமை இல்லாமல் 17 வயதில் இதற்குள் இறங்கினால், 25 வயதில் மறுபடி சாதாரண தரச் சான்றிதழோடு வேலை தேடி நிற்க வேண்டி வரும். அதனால்தான் உயர்தரத்தை இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன்.

கலைப் பிரிவில் நடனமும், நாடகமும் அரங்கியலும் எடுக்கட்டும். மூன்றாவது பாடமாகப் புவியியல் போன்ற ஒன்று, அவளுக்கு நன்றாக வருவது எதுவோ அது. இப்போது படிக்கும் பாடசாலையில் உயர்தரத்துக்கு நடனம் இருக்கிறதா என்பதை இந்தக் கிழமையே அதிபரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து நகரப் பாடசாலைகளில் விசாரியுங்கள். நடனப் பாடத்துக்கு எழுத்துப் பரீட்சையோடு செயன்முறைப் பரீட்சையும் இருக்கிறது. அதற்குப் பரதநாட்டிய அடவுகள் சுத்தமாக இருக்க வேண்டும். சனிக்கிழமைக் குழு துணிச்சலையும் கற்பனையையும் தந்திருக்கிறது. அடவுச் சுத்தத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். பிரதேச செயலகத்துக்குப் போய்க் கலாசார உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். அரசாங்கக் கலாசார நிலையங்களில் குறைந்த கட்டணத்திலும் இலவசமாகவும் வகுப்புகள் நடக்கும், கிட்டத்தில் எது இருக்கிறது என்று அவர் சொல்வார். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளையும் ஒவ்வொன்றாக எழுதட்டும். பரதம் தெரிந்த யாரிடம் போனாலும் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருக்கும்.

உயர்தரம் முடிந்த பிறகு அவளுக்கு மூன்று நான்கு கதவுகள் திறக்கும். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும், மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆற்றுகை மற்றும் காண்பியக் கலைகள் பீடமும் நடனத்தில் நான்கு வருடப் பட்டம் தருகின்றன, தமிழில் படிக்கலாம். உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையும் வைப்பார்கள். ஆட்கள் முன்னால் பயமில்லாமல் நின்று பழகிய பிள்ளைக்கு அது பெரிய பலம். கொழும்பிலேயே 2005 முதல் கட்புல ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆனால் அங்கே படிக்கச் சிங்களம் நன்றாகக் கைவர வேண்டும்.

எனக்கு அவளுக்காக அதிகம் பிடித்த கதவு தேசிய கல்வியியல் கல்லூரி. மூன்று வருடம், அதில் இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் பயிற்சி. முடித்தால் ஆசிரியர் நியமனம். எந்த வருடம் எந்தப் பாடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பது வர்த்தமானியில் வரும், அதைத் தவறவிடக் கூடாது. தோட்டப் பாடசாலைகளில் அழகியல் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் சும்மா இருக்கும் வகுப்புகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வகுப்பில் உங்கள் மகள் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

பெறுபேறு நினைத்தபடி வராவிட்டாலும் வழி அடைபடாது. முன்பள்ளி, சிறுவர் பராமரிப்புப் போன்றவற்றில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். சீதுவையில் உள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப் பணி படிக்கலாம். சமூகப் பணி படித்த ஒருவருக்கு ஐம்பது பேரை ஆட வைக்கவும் தெரிந்திருந்தால், சிறுவர் இல்லமோ மனநலப் பிரிவோ அவரைத் தேடும்.

நான் ஏன் ஆட்டத்தை நிறுத்த வேண்டாம் என்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் பதுளைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வந்தாள். அற்புதமாக ஆடுவாள். நான் அவளிடம் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கணினிப் பாடநெறி ஒன்றைப் படி என்று சொன்னேன். சொன்னபடி படித்து ஒரு கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். ஒரு நாள் காலி வீதியில் பஸ்ஸில் கண்டேன். "மிஸ், சனிக்கிழமையில மட்டுமாவது ஆடச் சொல்லியிருக்கலாமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கும் அந்தப் புத்தியை நான் சொன்னதில்லை.

குழுவைப் பற்றி. நல்லவர்களாகத்தான் தெரிகிறது, ஆனால் தெரிவது போதாது. அடுத்த சனிக்கிழமை லீவு போட்டுப் போய்ப் பொறுப்பாளரிடம் நேரே கேளுங்கள். எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்? பயிற்சியின் முடிவில் தரும் சான்றிதழ் யாருடையது, அதை வேறு யார் ஏற்பார்கள்? கொழும்பில் தங்குமிடம் எங்கே, இரவில் பொறுப்பான பெண் ஒருவர் கூட இருப்பாரா? பிள்ளை நினைத்த நேரம் வீட்டுக்குப் பேசலாமா? மேடை நிகழ்ச்சிக்குப் பணம் வந்தால் பிள்ளைக்கு எவ்வளவு? அவளுடைய படத்தையும் வீடியோவையும் எங்கே போடுவீர்கள், என்னிடம் கேட்டுத்தான் போடுவீர்களா? வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனால் கடவுச்சீட்டு அவள் கையிலேயே இருக்குமா? இதையெல்லாம் எழுத்தில் தரச் சொல்லுங்கள். நல்ல குழு சந்தோஷமாகத் தரும். எங்களை நம்பவில்லையா என்று முகம் சுளித்தால் அங்கே அனுப்பாதீர்கள். மகளிடமும் 1929 என்ற இலக்கத்தைச் சொல்லி வையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச அழைப்பு அது, தமிழில் பேசலாம்.

9 மாதப் பயிற்சியை உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும் வரைக்கும், அதற்குப் பிறகு பல்கலைக்கழகம் தொடங்கும் வரைக்கும் இருக்கும் இடைவெளிக்குத் தள்ளிவைக்க முடியுமா என்றும் குழுவிடம் கேளுங்கள். அந்தக் காலத்தில்தான் நம் பிள்ளைகள் கடைக்கும் கார்மண்ட் தொழிற்சாலைக்கும் போய் அப்படியே நின்றுவிடுகிறார்கள். அவள் அப்போது 18 தாண்டியிருப்பாள், கொழும்பில் தன்னைப் பார்த்துக்கொள்ளும் தைரியமும் வந்திருக்கும்.

சின்ன விடயம் ஒன்று. சமுதாய மண்டபம் சீமெந்துத் தரை என்றீர்கள். வெறுங்காலோடு அதில் குதித்து ஆடினால் முழங்காலும் கணைக்காலும் கெடும். ஆடும் முன் உடம்பைச் சூடாக்கச் சொல்லுங்கள், வலி வந்தால் மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை காலையில் வெறும் பிளேன்டீயோடு போகவிடாதீர்கள். ஒரு முட்டை, கொஞ்சம் பயறு, எதுவாவது வயிற்றில் இருக்க வேண்டும்.

அம்மாவின் பயம் கல்யாணத்தைப் பற்றியது என்று எனக்குப் புரிகிறது. அதை நான் கடிதத்தில் பேசுவதைவிட அவரோடு நேரில் பேசுவது நல்லது.

அடுத்த போயாவுக்கு மகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பெறுபேற்றுத் தாளும், குழு தந்த கடிதமும் கையில் இருக்கட்டும். அன்று வேறு யாருக்கும் நேரம் கொடுக்கமாட்டேன். வாசலில் பழக்கும் அந்த எட்டுப் பிள்ளைகளின் பெயரையும், யாருக்கு எந்த அடி வரவில்லை, அந்தப் பிள்ளைக்கு மகள் என்ன செய்து காட்டினாள் என்பதையும் அவளிடம் கேட்க வேண்டும்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் மிஸ்