குட்னா ஹோராவில் எலும்புகளைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி: மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள். ஜூன் மாதம் பிராகில் நான்கு நாள் தங்கப்போகிறோம். அதில் ஒரு நாள் பக்கத்திலுள்ள சின்னப் பழைய ஊர் ஒன்றைப் பார்க்க ஆசை. அலுவலகத்தில் கேட்டால் எல்லாரும் குட்னா ஹோராவின் 'எலும்பு தேவாலயம்' என்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. அவருக்கு முழங்கால் வலியும் உண்டு. இருவரும் சைவம். ஒரு நாள் போதுமா? எப்படிச் சுற்றினால் ஊர் புரியும்?

பதில்: ஒரு நாள் போதும். ஊரும் சரியான தேர்வுதான். செஸ்கி கிரும்லோவ் இதைவிட அழகு என்று யாராவது சொல்வார்கள். அழகுதான், ஆனால் பிராகிலிருந்து போய்வருவதிலேயே பாதி நாள் கரைந்துவிடும். குட்னா ஹோராவுக்கு நேர் ரயிலில் ஒரு மணி நேரம்.

நான் சொல்ல வருவது முக்கியமாக வரிசையைப் பற்றி. வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஊரைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள். அதற்குக் காரணம் ரயில் நிலையம். பிராக் ரயில் நிற்கும் பெரிய நிலையம் பழைய ஊருக்குள் இல்லை, செட்லெட்ஸ் என்ற பகுதியின் ஓரத்தில் இருக்கிறது. இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் எலும்புக் கூடம். உங்கள் அலுவலகத்தார் சொன்ன 'எலும்பு தேவாலயம்' அதுதான். கூட்டத்தோடு கூட்டமாக நேரே அங்கே போகிறார்கள். பிறகு பழைய ஊருக்கு வந்து சேரும்போது பசியும் களைப்பும். பெரிய தேவாலயத்தின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். மண்டை ஓடுகள் நினைவில் நின்றன, ஊர் நிற்கவில்லை.

இது வெள்ளியால் உண்டான ஊர். வெள்ளி எந்த வழியில் போனதோ அந்த வழியிலேயே நீங்களும் போங்கள். முதலில் தோண்டிய இடம், அடுத்து காசாக அடித்த இடம், அப்புறம் அந்தக் காசைக் கொட்டிக் கட்டிய தேவாலயம். எலும்புகள் கடைசியில்.

பெரிய நிலையத்தில் இறங்கியதும் வெளியே போகாதீர்கள். அங்கிருந்தே ஒரு குட்டி ரயில் ஊருக்குள் போகிறது. 'குட்னா ஹோரா மியெஸ்டோ' என்ற நிலையத்தில் இறங்க வேண்டும்; மியெஸ்டோ என்றால் ஊர், நகரம். அங்கிருந்து மையப்பகுதிக்குக் கொஞ்சம் நடை, சற்றே ஏற்றம். அம்மாவுக்கு அது சிரமம் என்றால் பெரிய நிலையத்திலிருந்து ஊர்ப் பேருந்து உண்டு. தெருவெல்லாம் உருளைக்கல் பதித்தது. செருப்பு வேண்டாம், அடிப்பாகம் கெட்டியான ஷூ போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொன்று, திங்கட்கிழமை போகாதீர்கள். வெள்ளி அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

அந்த அருங்காட்சியகம் ஹ்ராடெக் என்ற பழைய கோட்டை வீட்டில் இருக்கிறது. அங்கே இரண்டு சுற்றுகள் உண்டு. ஒன்று மேலே காட்சிக்கூடம் மட்டும், மற்றது சுரங்கத்துக்குள்ளும் போவது. சுரங்கச் சுற்றுக்கு ஒரு நேரத்தில் கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள், அதனால் முன்பதிவு அவசியம். அப்பாவும் நீங்களும் கீழே இறங்குங்கள். அம்மா மேல் சுற்றைப் பார்க்கட்டும், இல்லையென்றால் ஒரு காபியோடு உட்காரட்டும். படிகள் நிறைய, உள்ளே குனிந்து நடக்கவும் வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அது வேண்டாம்.

இறங்கும் முன் தலைக்கவசம், விளக்கு, முழங்கால்வரை தொங்கும் ஒரு வெள்ளை அங்கி தருவார்கள். வேடிக்கைக்காகப் போட்டுவிடுவதில்லை. அந்தக் காலத்துச் சுரங்கக்காரர் உடுத்தியதும் வெள்ளைதான். சாயம் போடாத துணி மலிவு, இருட்டில் ஆள் இருப்பதும் தெரியும். பின்பக்கம் ஒரு தோல் துண்டைக் கட்டிக்கொள்வார்கள், ஈரப்பாறையில் உட்காரவும் சறுக்கி இறங்கவும். உள்ளே வெப்பம் சுமார் 12 டிகிரி, ஜூன் மாதமானாலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். மிகக் குறுகலான இடத்தில் அகலம் 40 சென்டிமீட்டர், மிகத் தாழ்ந்த இடத்தில் உயரம் 120 சென்டிமீட்டர். எனக்கு வயிறு கொஞ்சம் முன்னே நிற்கும். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கவாட்டில்தான் போனேன். நடுவில் ஓரிடத்தில் வழிகாட்டி எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னார். நீர் சொட்டும் சத்தம், பக்கத்தில் நிற்பவரின் மூச்சு, வேறொன்றுமில்லை. கொழுப்பு விளக்கின் மினுக்கு வெளிச்சத்தில், சுத்தியும் உளியுமாக, நாள் முழுக்க இதற்குள் இருந்தவர்களை அந்த அரை நிமிடத்தில்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது. நீங்கள் நடப்பதோ மேலோட்டமான பகுதி. செக் மொழியில் 'கழுதை' என்று பொருள்படும் ஓசெல் என்ற சுரங்கம் 500 மீட்டர் ஆழத்துக்குப் போனது.

மேலே வந்ததும் கல் நீர்த்தொட்டியைப் பாருங்கள். ஊர் நடுவே, பன்னிரண்டு பக்கமாக, சிற்பவேலையோடு, தேர் போல நிற்கும். 1495-இல் கட்டியது. கண்ணுக்கு அழகாக இருந்தாலும் அதன் கதை ஒரு சங்கடத்தில் தொடங்குகிறது. பூமியைக் குடைந்து குடைந்து நிலத்தடி நீர் கெட்டுப்போய்விட்டது. தூரத்து ஊற்றிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்து தேக்க வேண்டியிருந்தது, அதற்காகத்தான் இந்தத் தொட்டி. வெள்ளி மேல் உட்கார்ந்திருந்த ஊர் குடிதண்ணீரை வெளியிலிருந்து வரவழைத்திருக்கிறது.

அடுத்தது இத்தாலிய முற்றம். பொஹீமியா என்று அன்று பெயர் கொண்ட இந்த நாட்டின் அரசன் இரண்டாம் வென்செஸ்லாஸ் 1300-இல் இரண்டு காரியம் செய்தான். இத்தாலியிலிருந்து கோஸியஸ் என்ற சட்ட அறிஞரை வரவழைத்துச் சுரங்கங்களுக்கு ஒரு முழுச் சட்டத்தொகுப்பு எழுதவைத்தான். யார் தோண்டலாம், அரசனுக்கு எவ்வளவு, தொழிலாளியின் வேலை நேரம் என்ன என்பதுவரை அதில் இருந்தது. இன்னொன்று, நாடெங்கும் சிதறிக் கிடந்த நாணயச் சாலைகளை இங்கே ஒன்றாகக் கொண்டுவந்து, இத்தாலிய நிபுணர்களை வைத்துக் கனமான வெள்ளிக் காசு அடிக்கவைத்தான். அதுதான் பிராக் குரோஷன். ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் இரட்டை வால் சிங்கம். அதில் பொறித்திருக்கும் பெயர் பிராக், அடித்தது குட்னா ஹோராவில்! உழைப்பு ஒரு ஊருக்கு, பெயர் இன்னொரு ஊருக்கு. முற்றத்தில் நின்று சுவர்களைக் கூர்ந்து பார்த்தால் அடைத்துவிட்ட பழைய பட்டறை வாசல்களின் தடம் தெரியும். உள்ளே காசு அடித்துக் காட்டுவார்கள். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் வெள்ளித் தகடு, ஓங்கி ஒரே அடி. கல் அறைக்குள் அந்த ஓசை காதில் 'ங்ங்' என்று நிற்கும். நாளெல்லாம் இதையே செய்தவர்களுக்குக் காது மந்தமாகிவிடும் என்று வழிகாட்டி சொன்னபோது நாங்கள் யாரும் சந்தேகப்படவில்லை. அம்மாவுக்குப் பிடித்த இடம் இதுவாகத்தான் இருக்கும். நடையும் குறைவு.

பதினாறாம் நூற்றாண்டில் வெள்ளி வற்றத் தொடங்கியது. யாகிமோவ் என்ற இன்னொரு செக் ஊரில் புதுச் சுரங்கம் வந்தது. அங்கே அடித்த தாலர் காசின் பெயரிலிருந்துதான் டாலர் என்ற சொல்லே வந்தது. 1547-இல் குரோஷன் அடிப்பது நின்றது. இங்கிருந்த நாணயச் சாலையை 1726-இல் மூடினார்கள். பணம் போனதால் பழைய கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்ட ஆளில்லை. இன்றைக்கு நீங்கள் பார்க்கும் பழைய ஊர் அப்படித் தப்பியதுதான் என்பது என் கணிப்பு.

மதியச் சாப்பாட்டை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வார நாட்களில் பதினொன்று முதல் இரண்டு மணிவரை பெரும்பாலான உணவகங்களில் மதிய உணவுப் பட்டியல் தனியாக இருக்கும், விலையும் குறைவு. சைவத்துக்கு இரண்டு மூன்று நிச்சயம் கிடைக்கும். ஸ்மஜெனீ சீர் என்பது ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி. பிரம்போராக் நம் அடை மாதிரி ஓர் உருளைக்கிழங்குத் தட்டை, பூண்டு மணக்கும். அதன் மாவில் முட்டை உண்டு, உங்கள் வீட்டில் ஆகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இனிப்பு என்றால் பழம் வைத்த கொழுக்கட்டை, ஓவொட்ஸ்னே க்னெட்லீகி. கொழுக்கட்டை என்று சொன்னால் அப்பா சிரிப்பார், சாப்பிட்டால் ஒத்துக்கொள்வார். சூப்பில் கவனம். பூண்டு சூப், பருப்பு சூப் என்று பெயர் அப்பாவியாக இருக்கும், அடியில் இறைச்சிச் சாறு இருக்கும். 'பெஸ் மசா' என்றால் இறைச்சி இல்லாதது என்று பொருள். ஆனால் சில இடங்களில் பன்றி இறைச்சித் துணுக்கை இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஷுங்கா என்றால் ஹாம், ஸ்லானினா என்றால் பேக்கன். அதனால் 'ஷுங்கா இல்லையே, ஸ்லானினா இல்லையே' என்று அந்த இரண்டு பெயரையும் சொல்லியே கேளுங்கள். எங்கே நுழைந்தாலும் முதலில் 'டோப்ரீ டென்' என்று வணக்கம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நுழைந்தால் முகம் இறுகிவிடும், சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சாப்பிட்டபின் பர்போர்ஸ்கா தெரு வழியாக மெதுவாக நடங்கள். ஒரு பக்கம் பழைய இயேசு சபைக் கல்லூரி, மறுபக்கம் வரிசையாகச் சிலைகள், அதற்குக் கீழே பள்ளத்தாக்கு, எதிரே கூடாரம் போல மூன்று முனைக் கூரையோடு புனித பார்பரா தேவாலயம். பார்பரா சுரங்கக்காரர்களின் காவல் புனிதர். 1388-இல் தொடங்கினார்கள். காசு இருந்தபோது வேலை நடந்தது, காசும் அமைதியும் இல்லாதபோது நின்றது. கடைசியில் 1905-இல்தான் முடிந்தது. ஊருக்குள் வழிபாட்டு உரிமை செட்லெட்ஸ் மடத்தின் கையில் இருந்தது. அதனால் ஊர்க்காரர்கள் தங்கள் சொந்தக் காசில், மடத்தின் எல்லைக்கு வெளியே இதைக் கட்டினார்கள். உள்ளே போனதும் எல்லாரும் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள். பாருங்கள், கழுத்து வலிக்கும் அளவுக்கு அழகு. பிறகு பக்கச் சிற்றாலயங்களுக்கு வாருங்கள். ஒன்றின் சுவரில் காசு அடிப்பவர்களை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். அரசனோ புனிதரோ இருக்க வேண்டிய சுவரில் ஒரு தொழிலாளி சுத்தியோடு இருக்கிறான். வெள்ளை அங்கி போட்ட சுரங்கக்காரர் சிலையும் உண்டு. காலையில் நீங்கள் போட்டுக்கொண்ட அதே அங்கி.

இப்போது பேருந்தில் செட்லெட்ஸுக்குத் திரும்புங்கள். கூட்டமாக வருகிறவர்கள் காலையிலேயே பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள், சாயங்காலம் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கும். எலும்புக் கூடத்துக்கான சீட்டை வாசலில் தரமாட்டார்கள். எலும்புக் கூடம், செட்லெட்ஸ் பேராலயம், பார்பரா தேவாலயம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு உண்டு. இணையத்தில் முன்பே வாங்கி, மூடும் நேரத்தையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே படம் எடுக்க 2020 முதல் தடை.

அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். 1278-இல் இங்கிருந்த மடாதிபதி எருசலேம் போய், இயேசு சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதாவின் மண்ணில் ஒரு கைப்பிடி கொண்டுவந்து இந்த மயானத்தில் தூவினார் என்பது ஐதீகம். அதன்பின் இங்கே புதைக்கப்படுவதைப் பெரும்பேறாக நினைத்துத் தூரதேசத்தவரும் இடம் கேட்டார்கள். பதினான்காம் நூற்றாண்டில் கொள்ளைநோய் வந்தது. அடுத்த நூற்றாண்டில் ஹுஸ்ஸைட் போர். யான் ஹுஸ் என்ற சமயச் சீர்திருத்தவாதியைப் பின்பற்றிய ஹுஸ்ஸைட்டுகளுக்கும் கத்தோலிக்கத் தரப்புக்கும் நடந்த போர் அது. வெள்ளி இருந்த ஊர் என்பதால் இரு தரப்புக்கும் இது வேண்டியிருந்தது. ஊரின் ஜெர்மன் சுரங்கக்காரர்கள் ஹுஸ்ஸைட்டுகளைப் பிடித்துச் சுரங்கக் குழிகளில் தள்ளினார்கள். 1421-இல் ஹுஸ்ஸைட்டுகள் வந்து மடத்தை எரித்தார்கள். மயானம் நிரம்பி, எலும்புகளைத் தோண்டி எடுத்து அடுக்கவேண்டிய நிலை. கிட்டத்தட்ட 40,000 பேர் என்று கணக்குச் சொல்வார்கள். 1870-இல் பிரான்டிஷெக் ரிண்ட் என்ற மரச்சிற்பி அவற்றைக் கொண்டு சரவிளக்கும், மடத்து நிலத்தை வாங்கியிருந்த ஷ்வார்ட்சென்பெர்க் குடும்பத்தின் சின்னமும் செய்தார். தன் பெயரையும் எலும்பிலேயே எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கையெழுத்து எனக்குக் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் பட்டது. கூம்புகளாக அடுக்கிய எலும்புகள் அப்படியல்ல, பேசாமல் நிற்கவைக்கும்.

இதைக் கேட்டும் அம்மா வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். சாலையைக் கடந்தால் செட்லெட்ஸ் பேராலயம். 1421-இல் எரிந்து, கூரையில்லாமல் 280 ஆண்டு கிடந்து, 1700-களின் தொடக்கத்தில் சான்டினி என்ற கட்டடக்கலைஞர் கையில் மறுபடி எழுந்தது. 1995-இல் யுனெஸ்கோ பட்டியலில் பழைய ஊரோடும் பார்பராவோடும் சேர்த்துப் பெயர் சொல்லி வைத்தது இதைத்தான். உள்ளே வெளிச்சம், விசாலம், உட்கார நீளமான இருக்கைகள். பக்கத்தில் இருக்கும் பழைய மடத்துக் கட்டடம் 1812 முதல் புகையிலைத் தொழிற்சாலை என்பதை மட்டும் அப்பாவிடம் சொல்லிவையுங்கள், ரசிப்பார்.

அம்மா அங்கே உட்கார்ந்திருக்கட்டும். நீங்களும் அப்பாவும் எலும்புக் கூடத்தை அரை மணியில் பார்த்துவிட்டு வந்து அவரை அழைத்துக்கொள்ளலாம். ரயில் நிலையம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான், ஏற்றமும் இல்லை.