ஆக்டிவ் சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு சாதா ஷாக் அப்சார்பர்: ஒர்க்‌ஷாப் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: கீழக்கரையில் வசிக்கிறேன். வளைகுடா வேலையை விட்டு ஊர் திரும்பியதும் பழைய பென்ஸ் கார் ஒன்று வாங்கினேன். ஆக்டிவ் பாடி கன்ட்ரோல் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும் சஸ்பென்ஷன்) உள்ள வண்டி. ஆயில் கசிந்து ஒரு பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கம்பெனி சர்வீசில் 7 லட்சம் கேட்டதால், மதுரையில் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "சஸ்பென்ஷன் வேலை முழுசா முடிச்சுத் தர்றோம்" என்றார்கள். 1,85,000 ரூபாய் கட்டி எடுத்து வந்தேன். வளைவில் வண்டி சாய்கிறது. பாம்பன் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் தூக்கிப் போடுகிறது. ஆனால் எச்சரிக்கை லைட் எதுவும் எரியவில்லை. வேறு மெக்கானிக் பார்த்தபோதுதான் சாதா ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாட்டியிருப்பது தெரிந்தது. கேட்டால், "உப்புக் காத்துல பைப் எல்லாம் அரிச்சுப் போச்சு, வேற வழியில்ல" என்கிறார்கள். பழைய பாகங்களும் இல்லையாம். நஷ்டஈடு கிடைக்குமா? ஆர்.டி.ஓ., இன்ஷூரன்ஸ் சிக்கல் வருமா?

பதில்: உப்புக் காற்றில் பைப் அரிப்பது நம் கடற்கரையில் புதிதல்ல. இப்படி மாற்றுவதற்கென்றே வெளிநாடுகளில் கிட் விற்கிறார்கள். செலவுக்குப் பயந்து தெரிந்தே மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. எனவே "மாற்றியதே தவறு" என்று வழக்குப் போட்டால் நிற்காது. உங்களிடம் சொல்லி, சம்மதம் வாங்கி மாற்றினார்களா? வழக்கு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

முதலில் ஜாப் கார்டு, எஸ்டிமேட், பில், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். எஸ்டிமேட்டில் "ஸ்பிரிங் கன்வர்ஷன்" (சாதா ஸ்பிரிங்குக்கு மாற்றுவது) என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான். வெறும் "சஸ்பென்ஷன் வேலை" என்று மட்டும் இருந்தால், பழையபடி சரிசெய்து தருவார்கள் என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். வாட்ஸ்அப் உரையாடலுக்கு பாரதிய சாக்‌ஷிய சட்டத்தின் 63(4) பிரிவுச் சான்றிதழையும் (மின்னணு ஆவணங்களுக்கு உரியது) இணைத்துவிடுங்கள்.

அடுத்தது வேலையின் தரம். ஆக்டிவ் பாடி கன்ட்ரோலில் ஆயில் அழுத்தத்தால் ஒவ்வொரு சக்கரத்தையும் கம்ப்யூட்டர் தனித்தனியாகக் கட்டுப்படுத்துகிறது. வண்டி சாயாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை என்பதால், இந்த வண்டிகளில் வழக்கமான ஸ்டெபிலைசர் பார் (சாய்வைத் தடுக்கும் கம்பி) கிடையாது. ஆக்டிவ் சிஸ்டத்தைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் மாட்டினால் வளைவில் சாயத்தான் செய்யும். பல மாடல்களில் பவர் ஸ்டீயரிங்குக்கும் இதற்கும் பம்பு ஒன்றுதான். அதை என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். எச்சரிக்கை லைட் எரியாதது நல்ல சேதி அல்ல. சிஸ்டத்தையே எடுத்த பிறகு லைட் எரியத்தான் வேண்டும். பொய் சிக்னல் கொடுக்கும் கருவி வைத்தோ, கம்ப்யூட்டரில் கைவைத்தோ அணைத்திருக்கலாம். அப்படி என்றால் உங்களுக்குத் தெரியக்கூடாது என்றே செய்தார்கள் என்று வாதாட இடம் கிடைக்கிறது. இவை அனைத்தையும் வாகனப் பொறியாளர் ஒருவரிடம் எழுத்தில், படங்களோடு வாங்குங்கள். அதுவரை வேறு எங்கும் வண்டியைப் பிரிக்க விடாதீர்கள். ஆர்வத்தில் சரிசெய்துவிட்டு, கையில் சாட்சியம் இல்லாமல் வருபவர்கள் நிறைய.

அப்புறம் ஒர்க்ஷாப்புக்கு ஸ்பீட் போஸ்டில் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ். பழைய பாகங்கள் எங்கே என்று அதில் கண்டிப்பாகக் கேளுங்கள். அவை உங்கள் சொத்து. போலீசுக்கு இப்போதே ஓட வேண்டாம், பதிலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பதில் வராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் செய்யலாம், மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. காரின் விலையை விடுங்கள், நீங்கள் கட்டிய சர்வீஸ் தொகைதான் கணக்கு. அது 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 1,85,000 ரூபாயைத் திருப்பிக் கேட்கலாம். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்துக் கேட்கலாம். புது ஆக்டிவ் சஸ்பென்ஷனுக்கான 7 லட்சத்தையும் தருவார்கள் என்று எண்ண வேண்டாம். பழையது சரிசெய்யக்கூடிய நிலையில் இருந்ததை நிரூபித்தால் மட்டுமே அந்தப் பேச்சு.

ஆர்.டி.ஓ. விஷயத்தில் நான் அவ்வளவு பயப்பட மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி. (பதிவுச் சான்று) விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொன்னது. ஆனால் ஆர்.சி.யில் சஸ்பென்ஷனுக்கு என்று தனிக் கட்டம் இல்லை. அதற்காக ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்: அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவில் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று இருக்கிறது, அதுவும் உரிமையாளருக்கு.

உண்மையான கண்ணி இன்ஷூரன்ஸ்தான். மாற்றம் தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தால், விபத்து நடந்தால் உங்கள் வண்டிக்கான இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகும். இன்றே எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் பதியச் சொல்லுங்கள். பிறகும் மறுத்தால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இடையில் கல்யாண ஊர்வலத்துக்கோ ராமேஸ்வரம் யாத்திரைக்கோ வண்டியை வாடகைக்கு விட்டுவிடாதீர்கள். பாலிசியும் கெடும், வண்டியை வணிகத்துக்கு விட்டதால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு கிளம்பும்.

வண்டியை விற்பதானால், சஸ்பென்ஷன் மாற்றப்பட்டதை விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி, வாங்குபவரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.