அப்பாவுக்குத் தெரியாததா?

கேள்வி: என் அப்பாவுக்கு 56 வயது. போன ஐப்பசியில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தோம். "இனிமேல் ஒரு சிகரெட்கூடத் தொடக்கூடாது" என்று டாக்டர் எங்கள் முன்னால்தான் சொன்னார், அப்பாவும் தலையாட்டினார். பொங்கல் முடிவதற்குள் தெருமுனை டீக்கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். வரும்போது ஏலக்காயை மென்றுகொண்டே வருகிறார், ஆனால் சட்டையெல்லாம் புகை நாற்றம். என் தம்பியிடம் மட்டும் "அந்தக் கருமத்தைத் தொட்டுடாதேடா" என்று அறிவுரை. எல்லாம் தெரிந்த மனுஷன் ஏன் இப்படிச் செய்கிறார்? எங்கள் மேல் பாசமே இல்லையா?
(பெயர் வேண்டாம், திண்டுக்கல்)

பதில்: பாசம் இருக்கிறது அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் அம்மாவும் ஒருநாள் என்னிடம் இதையேதான் கேட்டார். நான் 16 வருடம் புகைத்தவன். அம்மா அப்படிக் கேட்ட ராத்திரி எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடித்து மொட்டைமாடிக்குப் போய் ஒன்றைப் பற்ற வைத்தேன். அந்த ஒன்றை இழுத்துக்கொண்டிருக்கும்போதும் அம்மா மேல் எனக்கு இருந்த அன்பில் ஒரு துளிகூடக் குறைவு இல்லை. உங்கள் அப்பாவும் அப்படித்தான் அந்த டீக்கடை வாசலில் நிற்கிறார் என்று நினைக்கிறேன்.

புகையை உள்ளே இழுத்த 10, 20 விநாடிக்குள் நிகோட்டின் நுரையீரலிலிருந்து ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போய்விடும். அங்கே அதற்கென்றே வாய் திறந்து காத்திருக்கும் ஏற்பிகளில் போய் உட்கார்ந்து டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைச் சுரக்க வைக்கிறது. பசித்தவனுக்குச் சோறு கிடைத்தால் "இது நல்லது, மறுபடி செய்" என்று மூளை குறித்துக்கொள்வது எந்த வழியிலோ, அதே வழிதான் இதுவும். ஒரு சிகரெட்டுக்குச் சுமார் 10 இழுப்பு என்று வையுங்கள். நாளைக்கு 10 சிகரெட் பிடிப்பவர் மூளை 100 தடவை இந்தப் பாடத்தைப் படிக்கிறது. உங்கள் அப்பா அப்படி 30 வருடம் பிடித்திருந்தால் கிட்டத்தட்ட 11 லட்சம் தடவை. டாக்டர் சொன்னது ஒரு தடவை, நீங்கள் சொன்னது ஒரு நூறு தடவை இருக்கலாம்.

அது மட்டும் இல்லை. ஏறிய நிகோட்டின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். வருடக்கணக்கில் பழகியதால் அந்த ஏற்பிகள் எண்ணிக்கையிலேயே கூடியிருக்கும், அத்தனையும் சேர்ந்து கேட்க ஆரம்பிக்கும். எரிச்சல், இருப்புக்கொள்ளாமை, எதிலும் கவனம் நிற்காமை. "டென்ஷனா இருந்துச்சு, அதான் ஒண்ணு பிடிச்சேன்" என்று புகைப்பவர்கள் சொல்வது பொய் இல்லை, உண்மையிலேயே ஒன்று பிடித்தால் அடங்குகிறது. ஆனால் அந்த டென்ஷனில் பாதியை உண்டாக்கியதே முந்தைய சிகரெட் என்பது உள்ளே இருக்கும்போது தெரியாது. எனக்கு அது புரிந்தது விட்டு மூன்று மாதம் ஆன பிறகுதான். காலையில் கழிப்பறைக்குப் போகவே ஒன்று வேண்டும், சாப்பிட்டால் ஒன்று, டீ குடித்தால் ஒன்று, பஸ் வர லேட்டானால் ஒன்று என்று நாளின் ஒவ்வொரு மூலையிலும் அதை முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன்.

அப்புறம், தெரிதல் என்பதைப் பற்றி. சிக்மண்ட் ஃபிராய்டு சாதாரண ஆள் இல்லை, மனித மனத்தின் உள்ளே இருப்பதையெல்லாம் தோண்டிப் பார்த்தவர், தானே டாக்டர். சுருட்டு விடாமல் பிடிப்பார். 1923-இல் வாயில் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்கப்புறம் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள், வாய்க்குள் செயற்கைத் தாடை மாட்டிக்கொண்டுதான் பேசவும் சாப்பிடவும் முடியும் என்ற நிலை. அப்படியும் 1939-இல் சாகும் காலம் வரை சுருட்டை அவரால் முழுதாக விட முடியவில்லை. அவருக்குத் தெரியாததையா நாம் உங்கள் அப்பாவுக்குச் சொல்லிவிடப் போகிறோம்?

தெரிவதால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1950-இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் லண்டனில் நோயாளிகளைக் கேட்டுக் கேட்டு, நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை எழுதினார்கள். அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே டால் தன் சிகரெட்டை விட்டுவிட்டார், பிறகு பிரிட்டனில் டாக்டர்கள் நிறையப் பேர் விட்டார்கள். ஆக, அறிவு சிலரை வெளியே கொண்டுவரும். இன்னும் தொடாதவனை அது நன்றாகவே தடுக்கும். உங்கள் அப்பா தம்பியிடம் சொல்வதை வேஷம் என்று நினைக்காதீர்கள். அந்த வீட்டிலேயே அதைச் சொல்ல அதிகத் தகுதி உள்ளவர் அவர்தான், மாட்டிக்கொண்டவருக்குத்தான் கண்ணியின் கனம் தெரியும்.

இன்னொன்று, கெடுதல் 20, 30 வருடம் கழித்து வருவது, சுகம் 10 விநாடியில் வருவது. கையில் இருக்கும் சிகரெட் எப்போதும் "இந்த ஒன்றுதானே" என்றுதான் வரும். எந்த ஒற்றைச் சிகரெட்டும் யாரையும் கொன்றதாகக் காட்ட முடியாது. பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை அடைத்து எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்ற விதி 2016-இல் வந்தது, நல்ல விதி. ஆனால் டீக்கடையில் சில்லறையாக ஒன்று வாங்கி, கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்ற வைத்துக்கொள்பவர் அந்தப் பாக்கெட்டைக் கையில் வாங்குவதே இல்லையே.

கோபம் வந்தால் அதை அப்பா மேல் காட்டாதீர்கள். 1994 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் ஏழு பெரிய புகையிலைக் கம்பெனிகளின் தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்து, நிகோட்டின் அடிமைப்படுத்தாது என்று நம்புவதாகச் சத்தியம் செய்து சொன்னார்கள். அதற்கு ஆறு வருடம் முன்பே, 1988-இல், அந்நாட்டு அரசின் தலைமை மருத்துவரின் அறிக்கை நிகோட்டின் அடிமைப்படுத்தும் பொருள்தான் என்று அடித்துச் சொல்லியிருந்தது. என் கோபமெல்லாம் அவர்கள் மேல்தான்.

சரி, என்ன செய்யலாம்? திட்டுவதையும் சட்டையை மோந்து பார்ப்பதையும் நிறுத்துங்கள். திட்டு வாங்கிய ஒவ்வொரு முறையும் அவர் போவது டீக்கடைக்குத்தான். "அப்பா, இது உங்க தப்பு இல்லை, இதுக்கு வைத்தியம் இருக்கு, நானும் கூட வர்றேன்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 1800-11-2356 என்ற இலவச எண் மத்திய அரசின் புகையிலை விடுவிப்பு உதவி எண், கூப்பிட்டால் ஆலோசகர் பேசுவார். நிகோட்டின் சூயிங்கம் மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது, ஆனால் இவருக்கு ஸ்டென்ட் வைத்திருப்பதால் இதய மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கேட்கும்போது, புகையை விட உதவும் வேரெனிக்ளின் போன்ற மாத்திரை ஒத்துவருமா என்பதையும் கேளுங்கள். மாரடைப்புக்குப் பிறகு விட்டவர்களில் இறப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. அவர் தினமும் விழுங்கும் மாத்திரைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

கேள்வி: நான் நாளைக்கு இரண்டே இரண்டுதான், அதுவும் லைட்ஸ். இதற்கெல்லாம் பயப்பட வேண்டுமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: பயப்பட வேண்டும். நாளைக்கு ஒன்று பிடிப்பவருக்குக்கூட, 20 பிடிப்பவருக்குக் கூடும் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது. ஒன்றுக்கு இருபதில் ஒரு பங்குதானே வரும் என்று மனம் போடும் கணக்கு இங்கே செல்லாது. லைட்ஸ் என்பதில் ஃபில்டரைச் சுற்றிப் பொடிப்பொடித் துளைகள் இருக்கும், காற்று கலக்கும், மெஷினில் வைத்து அளந்தால் தார் குறைவாகக் காட்டும். மனிதன் மெஷின் இல்லையே, உடம்பு கேட்கும் அளவு வரும்வரை ஆழமாக இழுப்பான், விரலாலும் உதட்டாலும் அந்தத் துளைகளை மூடிவிடுவான். இரண்டோடு நிற்கும்போதே விட்டுவிடுங்கள் தம்பி, எனக்கும் அது இரண்டில்தான் ஆரம்பித்தது.

கேள்வி: பீடி பிடிக்கிறேன். ஐந்து முறை விட்டு ஐந்து முறையும் திரும்பிவிட்டேன். மன உறுதி இல்லாத ஜென்மம் என்று வீட்டில் பேசுகிறார்கள். உண்மையா?
(வாசகர், தென்காசி)

பதில்: இல்லை. எந்த உதவியும் இல்லாமல் தானாக விட முயல்பவர்களில் 100-க்கு 3 முதல் 5 பேர்தான் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டி நிற்கிறார்கள். மீதி 95 பேரும் கோழைகளா என்ன? 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். மூளையில் இன்சுலா என்ற பகுதி அடிபட்ட நோயாளிகளில் பலருக்குப் புகைக்கும் ஆசையே விட்டுப்போயிருந்தது, தன் உடம்பு அந்த ஆசையையே மறந்துவிட்டது என்று பக்கவாதம் வந்த ஒருவர் சொன்னார். பக்கவாதம் வந்த ராத்திரியில் அவருக்கு மன உறுதி முளைத்துவிடவில்லை. ஆசை எங்கே குடியிருக்கிறதோ அந்த இடம் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஐந்து முறை விட்டவருக்கு முக்கியமான ஒன்று தெரிந்திருக்கும், எந்த நேரத்தில் எதனால் திரும்பினோம் என்பது. அதை ஒரு தாளில் எழுதுங்கள். முதல் இரண்டு மூன்று நாள்தான் மிக மோசம், இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த முறை வெறுங்கையோடு இறங்காதீர்கள், அரசு மருத்துவமனையில் டாக்டரைப் பார்த்து நிகோட்டின் சூயிங்கம் கேளுங்கள். அதைச் சாதாரண சூயிங்கம் போல மெல்லக்கூடாது, சுருக்கென்று வரும்வரை மென்று கன்னத்து ஓரமாக ஒதுக்கி வைக்க வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, எலுமிச்சை எதுவும் வேண்டாம், மருந்து ஏறாது.

காபியைப் பற்றி இன்னொன்றும் உண்டு, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, காபியிலிருந்து உடம்பில் ஏறிய கஃபீன் என்ற பொருளை வேகமாகக் கரைக்க வைக்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் போய்விடும், அதே மூன்று டம்ளர் காபி ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காக நிற்கும். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம். நான் என் நான்காவது முயற்சியில் இதையெல்லாம் புகையை விட்டதால் வந்தது என்று நினைத்துத் திரும்பிப் போய்ப் பற்ற வைத்தேன். நீங்கள் விடுகிற வாரத்தில் காபி, டீயைப் பாதியாக்கிவிடுங்கள்.